கமலாசனிக்கு வராத வேலை

"கேட்டீங்களா சங்கதிய? கமலாசனி மிஸ்ஸுக்கு கொழும்பு ஹெட் ஒஃபிஸ்லேருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கு!"

செசிலியாவுக்கு வாயெல்லாம் பல். பின்னே?

தேயிலைப் பெட்டிகளுக்கு லேபல் அடிக்கிற அந்தக் கண்டிக் கம்பெனியில், முப்பது நாளைக்கு ஒருதரம் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். மறந்தவர் பெயரைக் கம்பியூட்டரே வெட்டிவிடும். வெட்டுப்பட்டவர்களை, வேலையை விட்டுப் போனவர்கள் என்று ஹெட் ஒஃபிஸில் எழுதிக்கொள்வார்கள்.

இதற்குப் பொறுப்பு கமலாசனி. யாழ்ப்பாணத்துக்காரி, கறார் என்றால் அப்படியொரு கறார். மறந்துபோன மனேஜரே அவர் மேசை முன்னால் கைகட்டி நின்றதுண்டு. செசிலியா காய்ச்சலில் கிடந்து பெயர் வெட்டுப்பட்டபோதுகூட, "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், பிள்ளை" என்றுவிட்டார். அந்தக் கோபம் செசிலியாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இப்போது சறுக்கல். விண்டோஸ் கம்பியூட்டர்கள் இரண்டு வாரம் முன்பே "மாற்று, மாற்று" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடும். படம் வரைகிற பகுதியில் இருக்கும் மூன்று மேக் கம்பியூட்டர்களும் வாயே திறக்காது; நாள் வந்ததும் பேசாமல் வெட்டிவிடும். அதனால் கமலாசனியே மாடியேறி வந்து, அந்த மூன்று பேரையும் பக்கத்தில் நின்று மாற்ற வைப்பார். போன மாதம் என்னவோ, "மேக்கில பாஸ்வேர்ட் காலாவதியாகுதில்லை. நானும் என்னெல்லாமோ செய்து பாத்தன், சரிவரேல்லை" என்று கையை விரித்துவிட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

"பெரிய கெட்டிக்காரி! மூணு மெஷினை அடக்கத் தெரியல" என்றாள் செசிலியா. "நமக்கு மட்டும் மாசாமாசம் தலையிடி!"

அந்த மூன்றில் ஒன்று தனபாலனுடையது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து ஆள். கொழும்புக்குப் போன இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கி, விசாரணை என்று கொண்டுபோய் நாற்பது நாளாகிறது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், யுத்த காலம். அப்படிப் போனவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவன் உட்காரும் கதிரை சும்மா கிடந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு அந்தத் தனபாலனே படியேறி வந்தான்!

ஆள் பாதியாகியிருந்தான். ஆனால் முகம் நிறையச் சிரிப்பு. செசிலியா அழுதேவிட்டாள்.

"மாதாவே! எப்படிடா விட்டாங்க?"

"நெசமாவே வேலை செய்யிற ஆளான்னு ஹெட் ஒஃபிஸுக்கு பொலிஸ் போன் எடுத்துக் கேட்டாங்கக்கா. அவங்க கம்பியூட்டர்ல பார்த்திருக்காங்க. பேர் இருந்துச்சு. 'ஆமா, எங்க ஆள்தான்'னுட்டாங்க. பேர் இல்லாட்டி நான் இன்னும் உள்ளேதான். எல்லாம் மாரியம்மா புண்ணியம்!"

யாரோ ஓடிப்போய் கேக் வாங்கி வந்தார்கள். பத்து மணிக்கு அந்தக் கலகலப்புக்கு நடுவே கமலாசனி ஏறி வந்தார். கையில் அதே பழைய பட்டியல்.

"தனபாலன், சுகமே? முதல்ல பாஸ்வேர்டை மாத்தும். இல்லாட்டிப் பேர் வெட்டுப்படும்."

செசிலியா திகைத்தாள். "மேக்குல அது வேலை செய்யலைன்னீங்களே மிஸ்?"

"இப்ப சரிவந்திட்டுது."

"எப்ப?"

"எட்டரைக்கு."

முப்பது நாளில் வெட்டுப்பட வேண்டிய பெயர், நாற்பது நாள் தாண்டியும் எப்படி இருந்தது என்று செசிலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த கேக்கை மேசையில் வைத்தாள்.

"இவன் பேரை மட்டும் வெட்டாம விட்டிருக்கலாமே மிஸ்? இப்படிக் கடிதம் வாங்கி... நானும் வாய்க்கு வந்தபடி பேசி..."

கமலாசனி பட்டியலிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஒரு பேரை மட்டும் விட்டால், ஏன் எண்டு கேப்பினம், பிள்ளை. மூண்டையும் விட்டால், இவள் ஏலாதவள் எண்டுதானே சொல்லுவினம்!"