சிலுவையடியில் ரெண்டு மெழுகுவத்தி

"ஏங்க, பார்த்தீங்களா? கிளாடிஸக்கா ரெண்டு ஏத்துறாங்க!"

அல்போன்சா என் விலாவில் இடித்தாள். அன்று கல்லறைத் திருநாள். செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ள வந்த இடத்தில், நானும் என் மனைவியும் உயிரோடு இருப்பவர்களைத்தான் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தோம்.

வெளியூரில் அடக்கமானவர்களுக்குப் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவது சாந்தோம் வழக்கம். ஆளுக்கு ஒன்று. கிளாடிஸம்மாளுக்கு அப்படி இருப்பது ஒரே ஆள், மகன் ஆம்ப்ரோஸ். லண்டனுக்குப் படிக்கப் போனவன், ஜெர்மன் சண்டையில் விமானம் ஓட்டப் போய், இருபது வயதில் பிரான்ஸில் சுடப்பட்டு விழுந்தான்.

"அப்ப ரெண்டாவது யாருக்கு?" என்றேன்.

"அவங்க வீட்டுக்காரர் அதோ அந்தக் கல்லறையில படுத்திருக்கார். ஆனா அவர் ரங்கூன்ல ரொம்ப நாள் வேலை பார்த்தாரே... அங்க வேற குடும்பம், புள்ளைகுட்டின்னு ஏதாவது?"

அடுத்த ஞாயிறு கிளாடிஸம்மாள் பெண்ணுக்கு, எங்கள் மகனுக்காகப் பூ வைக்கப் போகிறோம்!

"போய்க் கேளுங்க. இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்."

கேட்பதற்கு என்னைவிட்டால் யார்? ஆம்ப்ரோஸ் புகழைப் பரப்பியதே நான்தான். பங்குத் திருவிழா மேடையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவன் விமானத்தை நானே ஓட்டியதுபோல் பேசுவேன். சைக்கிளில் ஏறினாலே விழுகிற ஆசாமி நான்.

"கிளாடிஸம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. சம்பந்தம் பண்ணப்போறோம், கேக்காம இருக்க முடியல. அந்த ரெண்டாவது யாருக்கு?"

"பேரு தெரியாதுண்ணே."

பேர்கூடத் தெரியாதாம்! திரும்பிப் பார்த்தேன். 'நான் சொல்லல?' என்று அல்போன்சா கண்ணை உருட்டினாள்.

"ஊராவது தெரியுமா?"

"ஜெர்மனி."

ரங்கூனிலிருந்து அந்த மனுஷன் அவ்வளவு தூரமா போனார் என்றுதான் அப்போதும் என் புத்தி யோசித்தது.

"இதை உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீங்கதாண்ணே."

"நானா!"

"போன திருவிழாவுல, பழைய பேப்பர்ல படிச்சதா சொல்லிப் பேசினீங்களே. சாகறதுக்கு முன்னாடி எம்புள்ள ஒரு ஜெர்மன்காரப் பையனை விமானத்தோட சுட்டு விழவெச்சான்னு. எனக்கே அதுவரைக்கும் தெரியாது. எல்லாரும் கைதட்டினாங்க. பெருமையா இருந்துச்சு, நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் அந்தப் பையனோட அம்மா நெனப்பு வந்துச்சு. அப்புறம் தூக்கமே வரலைண்ணே."



கடற்காற்றில் அந்த இரண்டாவது மெழுகுவத்தி அணைந்துவிட்டது. கிளாடிஸம்மாள் மறுபடி பற்றவைத்தார்.

"காத்து அடிக்குது. கொஞ்சம் பொத்திப் பிடிங்கண்ணே."

மேடையில் விமானம் ஓட்டிய இரண்டு கையையும் குவித்து, அந்த ஜெர்மன்காரப் பையனுக்குக் காற்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.