இரண்டு தட்டு

பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து டிரெய்லரின் கொக்கியைப் பார்த்தார். எட்ட நின்று அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம். காலை வெயில். டிராக்டர் தனியாக நின்றது. சற்றுத் தள்ளி டிரெய்லர், ஒரு பக்கப் பலகை உடைந்து, சக்கரத்தில் வாய்க்கால் சேறு காய்ந்து கிடந்தது.

முந்தாநாள் அதில் ஏறி நடவுக்குப் போனவர்கள் பதினோரு பெண்கள். பத்துப் பேர் வீடு திரும்பினார்கள். தையல்நாயகி திரும்பவில்லை.

அந்தப் பத்துப் பேரில் அவளும் ஒருத்தி. டிராக்டர் ஓட்டியது அவள் கணவன் கலியபெருமாள்.

"சரக்கு ஏத்துற பெட்டியில ஆளு ஏத்துனது ஒரு தப்பு," என்றார் இன்ஸ்பெக்டர். "சங்கிலி கெடையாது. ஒத்த இரும்புப் பின்ன நம்பி ஓட்டியிருக்க. அதுக்கும் லாக்கு இல்ல. யாரு மாட்டுனது?"

"நாந்தாங்க," என்றான் கலியபெருமாள். "அவசரத்துல லாக்கு போட மறந்துட்டேன்."

பொய்.

அவன் ஒருநாளும் மாட்டியதில்லை. டிராக்டரைப் பின்னால் எடுப்பது மட்டும்தான் அவன் வேலை. அவள் நடுவில் நின்று கொக்கியைத் தூக்கிப் பிடிப்பாள். டிராக்டர் ஓட்டையும் கொக்கி ஓட்டையும் நேராக வந்ததும் பின்னை இறக்குவாள். அது துள்ளி வெளியே வராமலிருக்க அடியில் லாக்கைச் செருகுவாள். பிறகு பலகையில் இரண்டு தட்டு.

மாட்டியாயிற்று, கிளம்பலாம் என்று அர்த்தம்.

ஒன்பது வருடத்தில் அவன் ஒருமுறைகூட இறங்கி வந்து சரிபார்த்ததில்லை. அவள் தட்டினால் போதும் அவனுக்கு.

அன்றைக்கும் தட்டினாள்.

பின்னை இறக்கிவிட்டாள். லாக்கு கையில்தான் இருந்தது. "ஏய், வாடி, ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்," என்று மேலேயிருந்து தையல்நாயகி கூப்பிட்டாள். சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். இவள் லாக்கை மட்கார்டின் மேல் வைத்தாள். தூக்கை எடுத்துக் கொடுத்தாள். கையோடு பலகையைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அவ்வளவுதான் நடந்தது.

வாய்க்கால் மேட்டில் ஏறும்போது லாக்கு இல்லாத பின் துள்ளி வெளியே விழுந்தது. பெட்டி பின்னோக்கி உருண்டு வாய்க்காலில் சாய்ந்தது. உருளும்போது தையல்நாயகி இவள் கையைத்தான் பிடித்திருந்தாள்.

அன்று சாயங்காலமே கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"புள்ள பத்தாவது படிக்குது. அதுக்கு அம்மா வேணும். நீ எதுவும் சொல்லாத," என்றான் அவன்.

சொல்லவில்லை. இன்று காலை ஸ்டேஷன் வாசலில் தையல்நாயகியின் கணவன் ராசப்பா, கலியபெருமாளின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். இரண்டு பொத்தான் தெறித்தது. கலியபெருமாள் தலையைக் குனிந்து நின்றான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து புது லாக்கு ஒன்றை எடுத்து வந்தார்.

"நீதான மாட்டுன? இப்ப மாட்டிக் காட்டு."

கலியபெருமாள் டிராக்டரில் ஏறினான். அதைப் பின்னால் எடுத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு விரல் அளவுகூடப் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்தினான். கான்ஸ்டபிள் ஒருவர் கொக்கியைத் தூக்கிப் பிடித்தார். அவன் இறங்கி வந்து பின்னைப் போட்டான்.

அடியில் கையை விட்டு லாக்குக்குத் துளை தேடினான்.

கிடைக்கவில்லை.

பின்னின் வளைந்த தலையைச் சக்கரத்துப் பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் அடியில் உள்ள துளை கைக்கு அகப்படும். அவனுக்கு அது எப்படித் தெரியும்?

லாக்கு கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்தான். மறுபடியும் விழுந்தது.

"கை நடுங்குதுங்க," என்றான்.

காம்பவுண்டுச் சுவரோரம் நின்றிருந்த ராசப்பா கிட்டே வந்தான். மண்ணில் முழங்கால் போட்டுத் தடவிக்கொண்டிருந்தவனைப் பார்த்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. குரல் உடைந்தது.

"லாக்கு போடக்கூடத் தெரியாத ஆளுகிட்டயா எம் பொண்டாட்டிய ஏத்தி உட்டேன்."

கலியபெருமாள் அதற்கும் தலையை ஆட்டினான்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நடந்து வந்தாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போ," என்றான் அவன், உதடு அசையாமல். "வீட்டுக்குப் போ."

அவன் விரல்களைப் பிரித்து லாக்கை எடுத்துக்கொண்டாள். பின்னின் தலையைத் திருப்பினாள். அடியில் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. கை தானாகப் போயிற்று. லாக்கு உட்கார்ந்தது.

ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பார்த்தார். கலியபெருமாளைப் பார்த்தார். அதுவரை எழுதியிருந்த தாளைத் திருப்பிவிட்டு அடுத்த தாளில் பேனாவை வைத்தார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றான் கலியபெருமாள். "சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒம் பேரு சொல்லும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. ராசப்பாவின் முகத்தைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள்.