முடியாத ஏணி

வடமாலபேட்டை ஆலையில் ஆல்கஹாலைக் காய்ச்சி வடிக்கும் கோபுரம் அது. வால்வைப் பார்க்க ஏணியில் ஏறிய ஆபரேட்டர் தனசேகருக்கு உச்சி வரவில்லை.

“ஏறிக்கினே கீறேன் சார், படி முடியல,” என்றது வாக்கி டாக்கி.

“காலங்காத்தாலயே ஊத்திண்டாச்சா?” என்றார் பொறியாளர் ஸௌரிராஜன். கட்டுப்பாட்டு அறையே சிரித்தது.

உச்சியில் குளிர்ந்த திரவத்தில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டால்தான் ஆல்கஹால் சுத்தமாகப் பிரியும். நீராவியை மிச்சப்படுத்த, அந்தப் பங்கை அன்று காலை ஸௌரிராஜன் குறைந்தபட்சத்துக்கே இறக்கியிருந்தார். அந்த அளவில், கோபுரத்துக்குள் ஆவி படிப்படியாக ஏறிப்போகும் தட்டுகளை எத்தனை அடுக்கினாலும் போதாது. கணக்கு முடிவிலி என்று சொல்லும்.

மதியம் ஆனது. கீழிருந்து பார்த்தால் ஏணியில் யாரும் இல்லை.

“சார், தாகமா கீது. தரையும் தெரியல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஸௌரிராஜன் தலை நிமிராமல், திரும்ப விடும் பங்கைக் குறைந்தபட்சத்தைப் போல ஒன்றேகால் மடங்காக உயர்த்தினார். தனசேகர் உச்சியை அடைந்தார்.