உச்சி வரை ஒரு துணை

“என்னண்ணே, மறுபடியும் கயிறு அவுந்துபோச்சா?”

வெந்தூரா நிமிர்ந்து பார்க்காமல் பூட்ஸ் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். கயிறு அவிழவே இல்லை. கையில் தடி, கழுத்தில் வரைபடம், தலையில் தொப்பி என்று மத்தகால்ஸ் மலை உச்சிக்கு ஏறுகிறவராக முழு வேஷம் கட்டியிருந்தார். பையின் அடியில் மட்டும் ஒரு பிரம்புக் கூடையும் சின்னக் கத்தியும் ஒளிந்திருந்தன.

அவர் வந்தது காளானுக்கு. மழை பெய்து ஓய்ந்து, போதுமான வெயிலும் அடித்தாயிற்று. இன்று விட்டால் நாளை சனிக்கிழமை. பார்சலோனா முழுக்கக் கூடையோடு வந்து இறங்கிவிடும்.

வழியில் விழுந்து கிடந்த இந்தப் பைன் மரத்தைத் தாண்டி இடது பக்கம் இறங்கினால், செம்மஞ்சள் நிறத்தில் ரொவெயோ காளான் கும்பல் கும்பலாக முளைக்கும் இடம் ஒன்று உண்டு. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருடைய அப்பா சாகிற சமயத்தில்தான் வாயைத் திறந்தார். வெந்தூராவும் அதுவரை திறப்பதாக இல்லை.

மனைவி ரெமெய் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள். “முப்பது வருஷமா உங்களோட குப்பை கொட்டுறேன். ஒரு எடத்தைச் சொல்ல மனசு வரல. மண்ணு போகக் கழுவி ஆக்கிப் போட மட்டும் நான் வேணும்” என்று நேற்றுகூடப் பொரிந்தாள்.

“உங்கிட்டச் சொன்னா உன் தங்கச்சிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார் வெந்தூரா.

அப்படிக் காத்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற நேரத்திலா இந்த ஆள் ஒட்டிக்கொள்ள வேண்டும்? பெயர் ஜெனீஸ். கீழே கார் நிறுத்துமிடத்தில் வலிய வந்து பேசினான். “உச்சிக்கா? நானும் அங்கதான். பேசிக்கிட்டே ஏறலாம் வாங்க” என்றான். வேஷம் கட்டியவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

“நீ முன்னால போப்பா. எனக்கு முட்டி வலிக்குது. செத்த உக்காந்துட்டு வரேன்.”

“நானும் உக்கார்றேன். மலை எங்க ஓடிடப் போவுது?”

உட்கார்ந்தான். வெந்தூராவின் கண் தானாக இடது பக்கம் போயிற்று, பிடித்து இழுத்துக்கொண்டார்.

“நான் கொஞ்சம் ஒதுங்கிட்டு வரணும்.”

“தாராளமாப் போங்க. அந்தப் பையைக் குடுங்க, வெச்சிருக்கேன்.”

பையைக் கொடுத்தால் கூடை கையில் தட்டுப்படும். “இல்ல, இப்ப வரல” என்றார்.

“பை ஏன் இப்பிடி உப்பியிருக்கு?”

“ஸ்வெட்டர்.”

“இந்த வெயில்லயா?”

“எனக்குக் குளிர் ஒத்துக்காது” என்று நெற்றி வியர்வையை வழித்துப் போட்டார் வெந்தூரா. கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. “இன்னிக்கு என்னால முடியாது போலிருக்கு. நான் திரும்பிடறேன்.”

“அப்ப நானும் வரேன். வலியோட உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா எனக்கு மனசு ஆறாது.”

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இங்கே நின்றால் ஆபத்து என்று தடியை ஓங்கி ஊன்றி ஏற ஆரம்பித்தார். மலையைத் திட்டினார், மழையைத் திட்டினார், அந்த வேஷத்தை மாட்டிக்கொண்ட தன்னையே திட்டினார். எல்லாம் மனசுக்குள்தான். ஜெனீஸ் கால்பந்தில் ஆரம்பித்து மச்சினன் விவாகரத்து வரைக்கும் வந்துவிட்டான். வெந்தூராவின் கண் முன்னால் காளான்கள் வெயிலில் வதங்கின, புழு வைத்தன, முன்பின் தெரியாதவன் கூடைக்குப் போயின.

உச்சியில் நட்டிருந்த சிலுவையடியில் காற்று ஆளைத் தள்ளியது. ஜெனீஸ் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை நீட்டினான். தக்காளி தேய்த்த ரொட்டி, நடுவில் ஆம்லெட். வேண்டாம் என்று சொல்லப் போனவர் பசியில் கடித்துவிட்டார்.

உள்ளே புதினா போட்டிருந்தது. ஆம்லெட்டில் புதினாவை அவர் வீட்டைத் தவிர வேறு எங்கும் கண்டதில்லை. எரிச்சலிலும் நாக்கு அதற்கு மரியாதை செய்தது.

“யாரு செஞ்சது?”

“எனக்கு எங்கண்ணே அடுப்பு பத்த வைக்கத் தெரியும். குடுத்து விட்டாங்க.”

வெந்தூரா சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார். போகட்டும். ஒரு நாள் போயிற்று, முட்டியும் நிஜமாகவே வலித்தது. ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை நழுவவில்லை. அப்பா கொடுத்துவிட்டுப் போனது பத்திரமாக இருக்கிறது. அந்த நிம்மதியில் பக்கத்திலிருந்தவன்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

“கீழ காட்டுல போன் எடுக்கவே மாட்டேங்குது. ஒரு நிமிசம்ணே, பேசிட்டு வந்துடறேன்.”

ஜெனீஸ் எழுந்து சிலுவைக்கு அந்தப் பக்கம் போனான். காற்றுக்குக் கையை அணைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ரெமெய் அக்கா, எடம் தெரிஞ்சுபோச்சு. விழுந்து கெடக்குற பைன் மரத்துக்கு இடது பக்கம்.”