திருத்திய கணிப்பு

ஆக்னஸ் ஆறடி மூன்றங்குலம் வளர்வாள், இந்தியக் கூடைப்பந்து அணியில் ஆடுவாள் என்று அவளுடைய பத்தாவது வயதில் கணிப்பு இயந்திரம் சொன்னது. அன்றிலிருந்து திண்டுக்கல்லில் தெருவுக்கொரு கட்-அவுட். பள்ளி ஆட்டத்தில் ஒரு பந்தைத் தவறவிட்டாலும் ஊரே உச்சுக்கொட்டும்.

எட்டாம் வகுப்பில் இயந்திரம் திருத்தம் அனுப்பியது. ஐந்தடி நாலங்குலம்தானாம், சாதாரண ஆட்டக்காரியாம். அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்போ இனிமே யாரும் என்னைப் பார்க்க வரமாட்டாங்களாப்பா?" என்று கேட்டவள், அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

மறுநாள் மைதானத்தில் அவளையும் அப்பாவையும் தவிர ஆளே இல்லை. அவள் எறிந்த முதல் பந்து வளையத்தைத் தொடாமல் புதருக்குள் போனது. வயிறு வலிக்கச் சிரித்தாள். "நீங்களும் வாங்கப்பா!"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். பந்து நேராக வளையத்துக்குள் இறங்கியது.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா!" என்று பதறினார்.