சொன்னதைச் சொன்னபடி

கேள்வித்தாளைப் பிரித்ததும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்து, பேனா வழுக்கிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவளுக்குப் பல்கலைக்கழகப் பரீட்சையில் என்ன வேலை?

வேலை இருந்தது. பரீட்சை அவளுடையது அல்ல, எதிரே உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு கல்லூரித் தம்பியுடையது. அவனுக்குக் கண் பார்வை கிடையாது. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும். பொருளாதாரப் பரீட்சைக்கு இப்படி எழுதித் தரும் ஸ்கிரைப்பாக வருகிறவர் பொருளாதாரம் படித்திருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் தகுதி அவளிடம் தாராளமாகவே இருந்தது.

மற்றவர்களுக்குத் தொந்தரவு கூடாதென்று இவர்களை மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கண்காணிக்க வந்த மேடம் கதவோரம் நாற்காலி போட்டு, இருவரையும் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்காக்கா?" என்றான் அவன்.

"எனக்கென்ன பயம்? பரீட்சை உங்களுக்குத்தானே தம்பி."

"கேள்வித்தாள் படபடன்னு அடிச்சுக்குதே, அதான் கேட்டேன்."

அவள் சட்டென்று தாளை மேஜையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"போன வருஷமும் இதே பேப்பரைத்தான் எழுதினேன். எல்லாம் சரியாத்தான் சொன்னேன். எழுத வந்த அண்ணன் ரொம்ப இரக்கக்காரர், அலுத்துக்காம, நான் சொன்னதுக்கும் மேலயே பக்கம் பக்கமா எழுதினார். ஆனா ஃபெயில்." அவன் சிரித்தான். "இந்தத் தடவையும் கோட்டை விட்டா, மேல்படிப்புக்குக் கிடைச்ச சீட்டும் கையை விட்டுப் போயிடும்."

ஆறு கேள்விகளையும் படித்துக் காட்டினாள். "மூணாவதுல ஆரம்பிக்கலாம்க்கா" என்றான்.

ஒரு பொருளின் விலை ஏறினால் அதன் தேவை என்ன ஆகும்? காரணத்துடன் விளக்குக.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இதற்கா இத்தனை பயந்தோம்? எண்ணெய் விலை ஏறினால், ஒரு லிட்டர் வாங்குகிறவர் அரை லிட்டர் போதும் என்பார். பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்!

"எழுதிக்குங்கக்கா. விலை ஏறினால் தேவை ஏறும்."

'விலை ஏறினால் தேவை' வரை வந்த பேனா, அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, கேள்வியை இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

"வேண்டாங்க்கா. நல்லா கேட்டுச்சு."

"இல்ல, அவசரப்படாம கொஞ்சம் யோசிச்சு..."

கதவோரம் தொண்டையைக் கனைக்கும் சத்தம். "எழுத வந்தவங்க எழுதினா போதும்!"

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். விலை அதிகமென்றால் பொருள் உசத்தி என்று மக்கள் நினைப்பார்கள், அதனால் கூடுதலாக வாங்குவார்கள். அடப்பாவி, எந்தக் கடையில் அப்படி வாங்குகிறார்கள் என்று உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து மேடத்தின் போன் அடித்தது. எழுந்து வெளியே போனார்.

அறையில் இப்போது அவளும் அவனும்தான். அவனுக்கோ தெரியப்போவதில்லை. 'ஏறும்' என்ற இடத்தில் 'குறையும்' என்று போட்டு, கீழே இரண்டு வரி எண்ணெய்க் கதையை எழுதினால் போதும், முழு மார்க். கை குறுகுறுத்தது. பிள்ளையின் சீட்டு தப்பிக்குமே! பேனா தாளைத் தொட்டுவிட்டு விலகியது. மறுபடி தொட்டது.

"உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லித்தான் பதினேழு வயதில் அவளுடைய படிப்பையும் நிறுத்தினார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. இப்போது அதே காரியத்தை இந்தத் தம்பிக்கு அவளே செய்யப் பார்க்கிறாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். 'ஏறும்' என்று முடித்தபோது கண்ணில் நீர் முட்டியது. தெரிந்தே ஒரு பிள்ளையின் தலையில் மண்ணை அள்ளிப் போடுகிறோமே என்று அடித்துக்கொண்டது மனம்.

மேடம் திரும்பி வந்த செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பினான்.

"மேடம், அக்கா எழுதினதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?"

"ஏன், அவங்களே படிக்கக் கூடாதா?"

"நீங்க படிச்சா நல்லா இருக்கும் மேடம்."

முணுமுணுத்துக்கொண்டே விடைத்தாளை வாங்கிப் படித்தார் அவர். விலை ஏறினால் தேவை ஏறும். மக்கள் கூடுதலாக வாங்குவார்கள். ஒவ்வொரு வரிக்கும் அவள் தலை குனிந்துகொண்டே போனது.

ஒரு வார்த்தை விடாமல் கேட்டு முடித்தவன், நீளமாக ஒரு மூச்சு விட்டான். பிறகு அவள் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"அதை அடிச்சிடுங்கக்கா, இப்ப சரியான பதிலைச் சொல்றேன்."