ஐந்து விநாடி

இருதயராஜ் தொகுத்த நாட்டுப்பாடல் ஆல்பத்தில் ஒன்பதாவது பாட்டைப் பாடியவள் பேச்சியம்மாள். எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் அந்தக் குரலைக் கண்டெடுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அவள் மகள் கனி இருதயராஜின் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அம்மா தவறி ஒரு வருஷம் ஆயிற்றாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்டாள்.

“பாட்டுக்கு முன்னால அம்மா என்னைய ஏசுனாளே அண்ணாச்சி? ‘ஏட்டி கனி, கொலுசைக் கழத்தி வையி, பாடப்போறேன்’னு. அது எங்க?”

ஐந்து விநாடி இரைச்சலென்று அதை வெட்டியவன் அவன்தான். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாமல் மூலப்பதிவையும் அழித்திருந்தான். தலைகுனிந்தபடி அதைச் சொன்னான்.

கனி ஏசவில்லை. முதல் வரிக்கு முன்பு பேச்சியம்மாள் இழுத்த மூச்சு மட்டும் வெட்டுக்குத் தப்பியிருந்தது. மறுபடி மறுபடி அந்த இடத்துக்கே போய், பாட்டு தொடங்குவதற்குள் நிறுத்திக்கொண்டிருந்தாள்.